குட்டை நீர் பச்சையானால்...

கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தொட்டியோ சிறு குட்டையோ கட்டி மீன் வளர்ப்பவர்கள் சில நேரம் திகைத்துப் போவதுண்டு. முந்தின மாலை வரை துள்ளிய மீன்கள் விடியலில் செத்து மிதக்கும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம்கூட எழும். ஆனால் காரணம் பெரும்பாலும் நீரின் பச்சை நிறத்திலேயே இருக்கிறது.

அந்தப் பச்சை, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசிகளால் ஆனது. மீன் தின்னாமல் விட்ட தவிடும் பிண்ணாக்கும் அழுகுவதால் நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகள் நீரில் சேருகின்றன. வெயிலும் கிடைத்தால் பாசி பெருகிவிடும். பகலில் அது மீனுக்கு நண்பன்தான். கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பிராணவாயுவைத் தருகிறது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவையும் உணவாகக் கொள்கிறது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், சுவாசமோ நிற்பதில்லை. மீன், பாசி, அடிச்சேற்றுப் பாக்டீரியா எல்லாம் ஒரே இருப்பிலிருந்து செலவழிக்கின்றன.

அந்த இருப்பு எவ்வளவு? ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மி.கி. பிராணவாயு உண்டு. 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து கரைத்துக்கொள்வதோ சுமார் 7.5 மி.கி. மட்டுமே. நீர் சூடாக ஆக இது குறையும். மீனின் தேவை கூடும். மேலும், அசையாத நீரில் பிராணவாயுவின் பரவுதிறன் காற்றில் உள்ளதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மேலே காற்றுக் கடலே இருந்தும் கீழே மீன் திணறுவது இதனால்தான். விடியலுக்குச் சற்று முன் இருப்பு மிகவும் குறைந்திருக்கும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், உடனே வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். நீர் சிதறும்போது காற்றைத் தொடும் பரப்பு பெருகுகிறது.

பாசியை ஒழிக்க மயில்துத்தம் போடுவது ஆபத்தான வழி. தாமிரம் மீனுக்கும் நஞ்சு. ஒரேயடியாகச் செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் பிராணவாயுவும் தீர்ந்துவிடும்.

பாசி அளவோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது? இங்கேதான் இயற்பியல் ஆசிரியனுக்கு வேலை! 1865இல் ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலறிஞர், மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கி, அவை எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று அளந்தார். நீங்களும் 20 செ.மீ. அகலமுள்ள தகர மூடி ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்பாகங்கள் தீட்டி, அளவு குறித்த குச்சியில் பொருத்தி நடுப்பகலில் இறக்குங்கள். 30 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மறைந்தால் வளர்ப்பு மீனுக்கு ஏற்ற நீர். 20 செ.மீ.க்குள் மறைந்தால் பாசி மிகுதி, தீனியை நிறுத்துங்கள். ஆனால் மழைச் சேற்றாலும் தட்டு மறையும். ஆகவே ஒரு கண்ணாடித் தம்ளரில் நீரை மொண்டு நிறத்தையும் பார்த்துவிடுங்கள்.

அழகுக்காக வளர்ப்பவர்களுக்கு இன்னும் தெளிந்த நீர் வேண்டியிருக்கும். அவர்கள் அல்லி வளர்க்கலாம். அதன் இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் பாசிக்கு வெயில் குறையும். முழுவதையும் மூட விடக்கூடாது. தீனியைச் சில நிமிடங்களில் மீன் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். உதிர்ந்த இலைகளை அன்றன்றே வாரிவிடுங்கள். நீர் மாற்றும்போது ஒரு பகுதியை மட்டும் மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரானால், ஒரு நாளாவது அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.