அப்பாவுக்கு ஏற்ற கூட்டம்

என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அம்மாவின் தோட்டை அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்டினோம். அப்பா கூலி ஒயின்ஷாப்புக்கே போயிடும்.

1935-ல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் பில், டாக்டர் பாப் என்ற இரு குடிநோயாளிகள் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். 'ஓப்பன்' கூட்டத்துக்கு வீட்டாரும் போகலாம். 'குளோஸ்டு' கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும்.

நாங்கள் முதலில் போன ஓப்பன் கூட்டத்தில் எல்லாம் இங்கிலீஷ். "நமக்கு ஆகாதுடா" என்றார் அப்பா. பிறகு தமிழில் நடக்கும் கூட்டத்தைத் தேடினோம். அதுவும் சனிக்கிழமை சாயந்திரம். ஏன்? கூலி கைக்கு வரும் நேரம் அது. கால் கடைக்குப் போகும் நேரமும் அதுவே. முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் என் கதைதான்டா" என்றார்.

ஆக, மொழி, நாள், தூரம் மூன்றையும் பாருங்கள். ஒன்று சரிப்படாவிட்டால் இன்னொன்று. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; முதலில் டாக்டரைப் பார்க்கணும்.

நடுவில் அப்பா ஒருமுறை வழுக்கினார். அடுத்த சனிக்கிழமையும் கூட்டத்துக்குப் போனார். தோடு இன்னும் அடகில்தான் இருக்கு. மீட்டுடுவோம்.