ஏழு எம்.எம். என்றால் எது ஏழு?

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு சந்தில் லேத் போட்டிருக்கும் அண்ணனிடம், இணையத்தில் வாங்கிய சின்ன பிளாஸ்டிக் பையைக் கொட்டினேன். நான்கு இரும்பு வளையங்கள் மேசைமேல் உருண்டன. பையில் ஒட்டியிருந்த சீட்டில் ‘7 எம்.எம். பேனா புஷ் செட்’ என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அண்ணன் வெர்னியரை எடுத்தார். வெளிவிட்டம் 8.62. உள்துளை 6.35. நீளத்தையும் பார்த்தார், அதுவும் ஏழு இல்லை.

“இதுல எதுப்பா ஏழு?”

எதுவுமே இல்லை. ஏழு என்பது பேனாவுக்குள் போகும் பித்தளைக் குழாயின் விட்டம். ஏழு மில்லிமீட்டர் டிரில்லால் மரத்துண்டில் துளை போட்டு, குழாயைப் பசை தடவிச் சொருகி, மேண்ட்ரல் என்ற தண்டில் கோத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு புஷ் மாட்டி லேத்தில் சுற்றுவார்கள். உளி புஷ்ஷைத் தொடும் இடத்தில் மரம் நிற்க வேண்டும். ஆகவே புஷ்ஷின் வெளிவிட்டம், அந்த இடத்தில் வந்து உட்காரப்போகும் உலோகப் பாகத்தின் விட்டமாக இருக்க வேண்டும். உள்துளையோ மேண்ட்ரலின் தண்டைப் பொறுத்தது. பரவலாக ஓடும் ‘ஏ’ வகைத் தண்டு கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ‘பி’ வகை அதைவிடத் தடிமன். ஒன்றின் புஷ் மற்றதில் ஏறாது, ஏறினால் ஆடும். வாங்குகிறவருக்கு வேண்டியவை இந்த இரண்டு எண்கள்தான். சீட்டில் இருந்ததோ மூன்றாவது எண்.

பேனாவின் உலோகப் பாகங்கள் சேர்ந்து வரும் என் கிட்டில் முனைப்பாகம் 8.30 இருந்தது. 0.32 வித்தியாசம், பக்கத்துக்கு 0.16. இரண்டு தலைமுடி மொத்தம்தான். தச்சர்களின் நூல் கணக்கில் இது காற்று. ஒரு நூலே மூன்று மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் பேனாவைப் பிடிக்கும் விரலுக்கு அது படிக்கட்டு. புஷ் பெருத்திருந்தால் இன்னும் கொஞ்சம் சீவித் தப்பிக்கலாம். சிறுத்திருந்தால் மரம் உலோகத்துக்குக் கீழே போய்விடும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, கிட்டும் போச்சு.

சரியாக வாங்கிய புஷ்ஷும் சரியாகவே இருக்காது. உப்புத்தாள் மரத்தை மட்டுமா தேய்க்கிறது? சாதா இரும்பு புஷ் ஒவ்வொரு பேனாவுக்கும் கொஞ்சம் மெலிகிறது. ராயபுரம், எண்ணூர்க் கடற்காற்றில் துரு வேறு பிடிக்கும். வெளிர் மரத்தின் ஓரத்தில் தேய்ந்த இரும்பின் கறுப்பு ஏறினால் போகாது. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். புஷ்ஷை நம்பாமல், ஒவ்வொரு முறையும் கிட்டின் உலோகத்தையே அளந்து அதற்கு மரத்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. திருவள்ளூரில் எபோனைட் பேனா கடையும் ரங்கா பேனாக்காரர்களுக்கு இந்தக் கிட் புஷ்ஷின் தொல்லையே இல்லை. அவர்கள் கழுத்தையும் மூடியையும் தாங்களே கடைந்து பொருத்துகிறவர்கள்.

அளவு தப்பினால் பேனா மட்டும் கெடுவதில்லை. உள்துளை தளர்ந்த புஷ் ஆடும். மரம் ஒரு பக்கம் மெலிந்து, நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றில் உளி மாட்டினால் பிளந்து முகத்தை நோக்கி வரும். முகக் கவசம் போடுங்கள். கையுறையும் தொங்கும் துப்பட்டாவும் வேண்டாம். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகைக் காரணிகளில் வைத்திருக்கிறது. சாதாரணக் கைக்குட்டை போதாது. துறைமுகத்திலிருந்து வெளியே வரும் பெட்டிப் பலகை மலிவு என்று கடைகிறவர்கள் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றால் சூடேற்றியது. ‘எம்.பி.’ என்றால் மீத்தைல் புரோமைடு புகையிட்டது, அதைத் தொடாதீர்கள்.

இனி சட்டம். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, சில்லறையாக விற்கும் பொட்டலத்தில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எண்ணிக்கை, விலை, புகார் சொல்லத் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். பொருளின் பரிமாணம் முக்கியம் என்றால் அதையும் அச்சிட வேண்டும். புஷ்ஷில் பரிமாணத்தைத் தவிர வேறு என்ன முக்கியம்? அளவே எழுதாத பொட்டலம் குறித்து, நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் கீழுள்ள எடையளவு அதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாம்.

இணைய விற்பனைக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உண்டு. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடைமுறையில் “மீதி எல்லாருக்கும் சரியாத்தானே இருக்கு?” என்ற பதில் வரும். அந்த வாய் பேசாமலிருக்க, வாங்கும் முன்பே வெளிவிட்டம், உள்துளை இரண்டையும் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். “ஏழு எம்.எம். கிட்டுக்குப் பொருந்தும்” என்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டினால் பின்னால் வாதாடக் கையில் ஒன்றும் இருக்காது.

“நீ பேனா செஞ்சு விக்கிறவன், நீ நுகர்வோரே இல்ல” என்று ஒரு வாதம் வரும். இதற்கு லேத்தை வைத்தே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிரத்து லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் வாங்கிய சி.என்.சி. கடைசல் எந்திரம் குறித்த வழக்கில், 1995-இல் வந்த தீர்ப்பு அது. வாங்கியவர் அங்கே தோற்றார். பெரிய முதலீட்டில் லாபத்துக்காக வாங்கியது என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பு, பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு ஒருவர் லேத் வாங்கினால் அவர் நுகர்வோர்தான், ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று விளக்கியது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் சுயதொழில் விலக்கு இருக்கிறது. எண்ணூர் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டு முற்றத்தில் பேனா கடைந்து விற்பவருக்கு இது போதும்.

புகாருக்கு முதல் படி 1915 என்ற தேசிய உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி தளம் வழியே வீட்டிலிருந்தே மனுப் போடலாம். விற்பவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. அறுநூறு ரூபாய் புஷ்ஷுக்காக ஆணையம் ஏறுவது எனக்கே கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த அளவை நம்பிப் பத்துக் கிட்டும் நல்ல தேக்குத் துண்டுகளும் வீணானால், கணக்கு வேறு.

இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறோம். புஷ் பெரிதா, நாமே லேத்தில் போட்டு அரை மில்லி எடுத்துவிடுவோம் என்று கை துறுதுறுக்கும். எடுத்த மறுநொடியே சாட்சியம் போயிற்று. குறை நேரடியாகத் தெரியாவிட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆய்வுக் கட்டணத்தை முதலில் நாம் கட்ட வேண்டும். ஆய்வகத்தில் அளக்க வேண்டியது வந்த கோலத்தில் இருக்க வேண்டாமா? பையை வெட்டும்போதே படம் எடுங்கள், வெர்னியர் எண்ணோடு சேர்த்து. வெர்னியரும் பொய் சொல்லும். முதலில் பூஜ்யத்தைப் பாருங்கள்.

வேலை நடக்க வேண்டுமே? அதற்கு வடசென்னையைவிட வசதியான இடம் எது? எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டும் ஓடிய ஊர் இது. காசிமேட்டு விசைப்படகுக்கு ஷாஃப்ட் புஷ் கடைகிறவருக்குப் பேனா புஷ் விளையாட்டு. ஆனால் அவரிடமும் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். அளவும் ஏற்கத்தக்க கூடுதல் குறைவும் ஒரு சீட்டில் எழுதி, அவர் பில்லிலும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் தப்பினால் அது சேவைக் குறைபாடு, வாய்ச்சண்டை இல்லை. உள்துளையையும் வெளிவிட்டத்தையும் ஒரே சக் பிடிப்பில் கடையச் சொல்லுங்கள், கழற்றி மாட்டினால் மையம் விலகும். பசை பூசி மெருகேற்றும் வேலைக்கு டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் ஒரு செட் தனியாகச் செய்து வைத்தால் ஒட்டாது.

அண்ணன் என் புஷ்களைத் தொடவே இல்லை. “பேனாவோட முனைய குடு, மேண்ட்ரல குடு” என்றார். இரண்டையும் அளந்து, ஒரு துண்டு இரும்பைச் சக்கில் பிடித்தார். மதியத்துக்குள் நான்கு புஷ் தயார். ஒவ்வொன்றின் முகத்திலும் 8.30 என்று எண் அடித்திருந்தார். பழைய நான்கையும் பில்லோடு அதே பையில் போட்டு ஸ்டேப்ளர் அடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். குறைதீர் அலுவலரிடம் கொடுத்த புகாரின் ஒரு மாதக் கெடு முடிய இன்னும் பதினொரு நாள்.