நான்கு நிமிஷத்தில் நின்றுபோகும் படம்

இணையச் சேவை தரும் நிறுவனம் கொடுக்கும் ரூட்டரைத்தான் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிர்ப்பந்தம் நீங்கி, தமக்கு விருப்பமான சாதனத்தைத் தாமே வாங்கி இணைத்துக்கொள்ளும் உரிமை, ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1ஆம் தேதியிலும் நெதர்லாந்தில் 2022 ஜனவரி 28ஆம் தேதியிலும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 2004இல் தோன்றிய ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் இலவச மென்பொருளை ஏற்றித் தம் ரூட்டரைத் தாமே உருவாக்கிக்கொண்ட ஆர்வலர்களும் இருந்தனர். அவ்விதம் செய்தவர்களில் பலருக்கு முதல் நாளே ஒரு விசித்திர அனுபவம் நேர்கிறது: கணினியும் கைபேசியும் யாதொரு குறையுமின்றி இயங்க, அதே கம்பி வழியே வரும் தொலைக்காட்சி மட்டும் வர மறுக்கிறது, அல்லது சற்று நேரம் வந்து உறைந்துவிடுகிறது.

காரணம், தொலைக்காட்சி பயணம் செய்யும் முறையிலேயே இருக்கிறது. சாதாரண இணையப் போக்குவரத்தில் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பப்படுகிறது. ஒரு கால்பந்து ஆட்டத்தை லட்சம் வீடுகள் பார்த்தால் லட்சம் பிரதிகள் வேண்டும். இந்த விரயத்தைத் தவிர்க்க ஸ்டீவ் டீரிங் என்னும் அறிஞர் 1989இல் விதிமுறையாக வகுத்துத் தந்த மல்டிகாஸ்ட் முறையில், ஒரே பிரதி புறப்பட்டு, பாதை கிளைக்கும் இடங்களில் மட்டும் பெருகுகிறது. இணைய வரலாற்றின் அழகிய சிந்தனைகளுள் ஒன்றாகவே இதை நான் கருதுகிறேன். 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள முகவரிகள் எந்த இயந்திரத்துக்கும் சொந்தமல்ல. ஒவ்வொன்றும் ஒரு குழுவைக் குறிப்பது. ரிமோட்டில் ஒரு சேனலை அழுத்தியதும், செட்டாப் பாக்ஸ் ஐஜிஎம்பி என்னும் விதிமுறைப்படி, அச்சேனலுக்குரிய குழுவில் தன்னைச் சேர்க்கும்படி விண்ணப்பிக்கிறது.

அவ்விண்ணப்பம் ஒரே ஒரு கட்டம் மட்டும் செல்லும்படி படைக்கப்பட்டது. வீட்டு ரூட்டரைத் தாண்டி அது போகாது. ஆகவே ரூட்டரே அதை வாங்கித் தன் பெயரால் நிறுவனத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனத்தின் பெட்டி சந்தடியின்றிச் செய்துவந்த இந்தப் பிரதிநிதித்துவத்தை, சொந்த ரூட்டரில் ஐஜிஎம்பிபிராக்ஸி போன்ற ஒரு நிரலை நிறுவி நாமே ஏற்பாடு செய்தாக வேண்டும்.

கோளாறைத் தேடப் புகுமுன், படம் எத்தனை நேரம் ஓடி நிற்கிறது என்பதைக் கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்வது மிக உசிதம். படமே வராவிட்டால், பாதையே அமையவில்லை என்று கொள்ளலாம். நெதர்லாந்தின் கேபிஎன் நிறுவனம் பல்லாண்டுகள் ஒரே கம்பியை விலான் எனப்படும் தனித்தனி மெய்நிகர்ப் பாதைகளாகப் பிரித்து, இணையத்தை 6ஆம் எண் விலான் வழியாகவும் தொலைக்காட்சியை 4ஆம் எண் விலான் வழியாகவும் அனுப்பிவந்தது. அந்த இரண்டாவது வாசலைத் திறக்காதவருக்குப் படம் எங்கிருந்து வரும்? வாசல் திறந்திருந்தும், ரூட்டரில் இயங்கும் லினக்ஸின் எதிர்வழிச் சோதனை, அனுப்புநரின் முகவரிக்குரிய வழி வேறு வாசலில் இருப்பதைக் கண்டு பாக்கெட்டுகளைத் தள்ளிவிடுவதுண்டு. சில விநாடி மட்டும் ஓடி நின்றால் வேறு விளக்கம்: சேனல் விரைந்து தோன்ற வேண்டும் என்பதற்காகச் சில அமைப்புகள் ஆரம்பப் பகுதியைத் தனிப்பிரதியாக அனுப்பி, பிறகே மல்டிகாஸ்டுக்கு மாறுகின்றன, நின்றது அந்த மாற்றத்தில்.

எல்லாவற்றிலும் அதிகமாக மனிதரை அலைக்கழிப்பது நான்கு நிமிஷக் கோளாறு. சேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று நிறுவனத்தின் ரூட்டர் வழக்கமாக 125 விநாடிக்கு ஒரு முறை விசாரிக்கும். பதிலுக்கு 10 விநாடி அவகாசம் தரும். இரண்டு விசாரணைக் காலமும் அந்த அவகாசமும் சேர்ந்த 260 விநாடிக்குள் பதிலே வராவிட்டால், கேட்பார் எவருமில்லை என்று தீர்மானித்து ஒளிபரப்பை நிறுத்திவிடும். ஆகவே நாலே கால் நிமிஷம் போல ஓடி நிற்கும் படம், முதல் விண்ணப்பம் செவ்வனே சென்றது, பின்னர் வந்த விசாரணைக்குத்தான் பதில் போகவில்லை என்பதற்குச் சாட்சி. வேறு சேனலுக்கு மாறித் திரும்பினால் உயிர்பெற்று, அதே கால அளவில் மீண்டும் நிற்குமானால் சந்தேகத்துக்கே இடமில்லை. பெரும்பாலும், வெளியிலிருந்து வரும் ஐஜிஎம்பி விசாரணையை ஃபயர்வால் அந்நியமென்று தடுத்திருக்கும். டிசிபிடம்ப் என்னும் கருவியைக் கொண்டு ரூட்டரின் இரு பக்கத்தையும் கவனித்தால், விசாரணை எங்கே வந்து எங்கே மறைகிறது என்பது கண்கூடாகத் தெரியும்.

தொலைக்காட்சி நன்றாக ஓடும்போது வைஃபை மட்டும் தளர்ந்துபோவதும் உண்டு. நீர் கேட்ட வயலுக்கு மட்டும் மடை திறக்கும் நீர்கட்டியைப் போல, ஐஜிஎம்பியை ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள ஸ்விட்ச், கேட்ட துறைக்கு (போர்ட்) மட்டும் சேனலை விடும். அவ்வசதியில்லாத ஸ்விட்ச் எல்லாத் துறைகளிலும் கொட்டிவிடும். வைஃபையிலோ மல்டிகாஸ்ட், பெற்றதற்கான ஒப்புகையின்றி, சாதாரணமாக விநாடிக்கு 1 அல்லது 6 மெகாபிட் என்ற அடிமட்ட வேகத்தில் செல்வதால், ஒரு சேனலே காற்றலை முழுவதையும் அடைத்துவிடப் போதுமானது.

இரண்டு தொலைக்காட்சிகள் உள்ள வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐஜிஎம்பிபிராக்ஸியில் குவிக்லீவ் என்றொரு விருப்பம் உண்டு. ஒருவர் சேனலை விட்டதும், பிறர் அதையே பார்க்கிறார்களா என்று விசாரியாமல் உடனே விலகல் அனுப்பிவிடும். கூடத்தில் சேனலை மாற்றும்போதெல்லாம் படுக்கையறையில் படம் நின்றுபோனால், அந்த ஒரு வரியை நீக்கிவிடலாம்; சேனலை விட்டபின் பழைய ஒளிபரப்பு சில விநாடி வீணாக வந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.