படகுத்துறையும் கரைமணலும்

திருமுல்கேரி கடல் மட்டத்திற்கு 500 மீட்டருக்கு மேல் உயரத்தில், கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் அமைந்த ஊர். ஆயினும் பாய்ப்படகு இவ்வூராருக்குப் புதிதன்று. இராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியற் கல்லூரி இங்கு உள்ளது. அப்படைப்பிரிவின் பாய்ப்படகுச் சங்கம், சில கிலோமீட்டர் தெற்கேயுள்ள உசேன் சாகர் ஏரியில் இயங்குகிறது. இப்ராகிம் குலி குதுப் ஷாவின் ஆட்சியில், 16-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அவ்வேரியில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூலை மாதத்தில் லேசர் வகைப் படகுகளின் போட்டிகள் நடைபெறுவது வழக்கம்.

லேசர் படகின் நீளம் 4.23 மீட்டர்; உடலின் எடை ஏறத்தாழ 59 கிலோகிராம். ஒருவரே செலுத்தக்கூடிய இப்படகைப் போட்டி முடிந்ததும் சிறு வண்டியிலேற்றிக் கரைக்கு இழுத்துவிடலாம். ஏரியில் ஓதம் இல்லை, பேரலையும் இல்லை. ஆகவே சரிவான கரை ஒன்றே இதற்குப் போதிய துறையாகும். கனத்த அடிக்கட்டையுடன் நெடுந்தூரக் கடற்பயணம் செய்யும் படகின் நிலை வேறு. அதனை எளிதில் கரையேற்ற இயலாது. அது நீரிலேயே நிற்கவேண்டும். அலையினின்றும் அதனைக் காப்பதற்காக எழுந்ததே மரீனா எனப்படும் படகுத்துறை.

துறையின் உறுப்புகள்

இத்தகைய துறைக்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. முதலாவது, அலைதடுப்புச் சுவர். இரண்டாவது, படகின் அடிக்கட்டை தரை தட்டாத ஆழம். மூன்றாவது, மிதவை மேடை. மேடை ஏன் மிதக்கவேண்டும்? ஓதத்தினால் நீர்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. சென்னையில் இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டரளவே; காம்பே வளைகுடாவிலோ அது சில இடங்களில் 10 மீட்டரையும் கடக்கும். அசையாத மேடையில் இறுகக் கட்டிய படகு, நீர் வற்றும்போது கயிற்றில் தொங்க நேரிடும். மிதவை மேடையோ படகுடன் சேர்ந்தே ஏறி இறங்கும்.

இயற்கை அரணாக அமைந்த இடங்களில் செலவு குறைவு. கொச்சியில் போல்காட்டித் தீவை ஒட்டிய படகுத்துறை இதற்குச் சான்று. காயலே அதற்கு அரணாதலால், உள்ளூர்ப் படகுகளும் அயல்நாட்டிலிருந்து வரும் படகுகளும் அங்கே அமைதியாகத் தங்க முடிகிறது.

சென்னை தரும் பாடம்

சோழமண்டலக் கரை அத்தகைய அரண் அற்றது. சென்னையில் கட்டிமுடியும் தறுவாயிலிருந்த துறைமுகச் சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மீண்டும் கட்டிய பின்னர் வேறோர் இடர் தோன்றியது. இக்கரையில் அலைகள் சாய்வாக வந்து மோதுவதால், மணல் கரையோரமாகவே நகர்ந்து செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது அது தெற்கு நோக்கிச் சென்றாலும், ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிச் செல்வதே மிகுதி. அதன் அளவு ஆண்டுக்குப் பல இலட்சம் கன மீட்டர். இம்மணல் துறைமுகத்தின் கிழக்கு வாயிலைத் தூர்க்கத் தொடங்கியது. 1904-இல் பொறுப்பேற்ற பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவ்வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதிய வாயிலை அமைத்தார். அவர் 1911-இல் தோற்றுவித்த படகுச் சங்கத்தின் பாய்ப்படகுகளுக்கும் அத்துறைமுகமே புகலிடமாயிற்று.

ஆளுநர் கிராண்ட் டப் 1884-இல் தாம் அமைத்த கடற்கரை உலாச்சாலைக்கு 'மரீனா' என்று பெயரிட்டார். அங்கு இன்று காணும் அகன்ற மணற்பரப்பு, துறைமுகச் சுவர் தெற்கே தேக்கிய மணலாற் பெருகியதே. தெற்கே தேங்கிய மணல் வடக்கே செல்லாதன்றோ? அதனால் இராயபுரம் முதலிய வடபகுதிகளைக் கடல் அரித்தது. மீனவர் வலை உலர்த்திய மணலும் அவர்தம் குடியிருப்புகளும் அழிந்தன. கரையைக் காக்கக் கல் கொட்டப்பட்டது. ஆயினும் கற்குவியலின்மேல் கட்டுமரத்தை இழுத்தேற்ற இயலுமா? ஓரிடத்தில் எழுப்பிய சுவரின் விலையை மற்றோரிடத்தார் கொடுக்க நேர்ந்தது.

நீரின் தூய்மை

அமைதியான நீருக்கு வேறொரு குறையும் உண்டு. அலை புகாத இடத்தில் அழுக்கும் எளிதில் வெளியேறாது. படகின் அடியில் பார்னக்கிள் முதலிய உயிரிகள் ஒட்டாதிருக்க முன்னாளில் பூசிய டிரைபியூட்டைல் வெள்ளீயச் சாயம், துறைகளில் வாழ்ந்த நத்தைகளின் இனப்பெருக்கத்தையே கெடுத்தது. 2008-இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை அதனைத் தடைசெய்தது. ஓதமில்லாத உசேன் சாகரிலும், கழிவுநீர் கொணர்ந்த சத்துகளால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகியது நாம் அறிந்ததே.

ஆசிரியர் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஓர் அகன்ற தட்டின் ஒருபுறம் மணலைச் சரிவாகப் பரப்பி, நீர் ஊற்றுக. மணற்கரையிலிருந்து நீருக்குள் நீளுமாறு ஓர் அளவுகோலை நிறுத்துக. பின்னர்ச் சிறு பலகையால் சாய்வாக அலை எழுப்புக. சிறிது நேரத்தில் அளவுகோலின் ஒருபுறம் மணல் சேரும்; மறுபுறம் குறையும். களப்பணியாளர் செய்யத்தக்கதும் இதுவே: புதிய துறை அமையவிருக்கும் இடத்தில் மட்டுமன்றி, அதன் இருபுறமும் கரையின் எல்லையைப் பருவந்தோறும் அளந்து குறித்து வருதல் வேண்டும். படகு பத்திரமாக நின்றதா என்பதோடு, பக்கத்து ஊரின் கரை நின்றதா என்பதையும் கண்டபின்னரே ஒரு துறையை நல்ல துறை எனக் கூறலாம்.