பாரம் கட்டும் அறிவியல்

பத்தாம் வகுப்பில் ‘இயக்க விதிகள்’ நடத்தும்போது, பேருந்து திடீரென நின்றால் பயணி முன்னால் சாய்வதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். பூலாம்பாடிப் பிள்ளைகளுக்கு அதைவிட நெருக்கமான காட்சி, மக்காச்சோள மூட்டை ஏற்றிய லாரி. கயிற்றை எங்கே இழுத்து எங்கே முடிய வேண்டும் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் இம்முறை லாரியில் தொடங்கி, ராணுவச் சரக்கு விமானம் வரை பாடத்தை நீட்டினேன்.

லாரியில் கட்டுபவர் அனுபவத்தை நம்புகிறார். விமானத்தில் கணக்குப் போட்டுத்தான் கட்ட வேண்டும். ராணுவச் சரக்கு விமானங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு இது: முன்னோக்கிச் சரக்கின் எடையைப் போல 3 மடங்கு விசையைக் கட்டு தாங்க வேண்டும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 1.5 மடங்கு, மேல்நோக்கி 2 மடங்கு. ‘மேலே எதற்கு சார்?’ என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. காற்றுக் கொந்தளிப்பில் விமானம் சட்டென்று கீழிறங்கும். சரக்கு தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். தரைதான் அதைவிட்டு விலகிப் போகிறது.

அடுத்தது கோணம். ஒரு வார் சுமார் 2,270 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்கும் என்று கொள்வோம். 1,000 கிலோ பெட்டி முன்னால் நகராமல் இருக்க 3,000 கிலோவுக்கு ஈடான பிடிப்பு வேண்டும். வார் தரையோடு 30 டிகிரி சாய்ந்திருந்தால் கிடைக்கூறு 0.87 பங்கு, இரண்டு வார்கள் போதும். அதையே 60 டிகிரியில் செங்குத்தாகக் கட்டினால் பாதிதான் பயன்படும். மூன்று வார்கள் வேண்டும். முக்கோணவியல் எங்கே பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு இதைக் கொடுங்கள்.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து ஐந்து கனரக ராணுவ வாகனங்களுடன் துபாய்க்குக் கிளம்பிய போயிங் 747 சரக்கு விமானம், தரையை விட்டெழுந்த சில நொடிகளில் விழுந்தது. ஏழு பேரும் இறந்தனர். விமானம் தனியாருடையது, சரக்குதான் ராணுவத்துடையது. பின்பக்க எடை கூடியதால் நிலைதடுமாறி விழுந்ததாகப் பலர் நினைத்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை வேறொன்றைச் சொன்னது. போதிய கட்டு இல்லாத வாகனம் பின்னால் நகர்ந்து, நீரியல் அமைப்புகளையும் வால்பகுதிக் கிடைச்சிறகை இயக்கும் திருகையும் சேதப்படுத்தியது. அதன்பின் விமானிகளால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த நிறுவனத்தின் கையேட்டில் கட்டுதல் பற்றிய முக்கியத் தகவல்கள் விடுபட்டிருந்தன.

அப்படியானால் தடித்த இரும்புச் சங்கிலிகளாகவே போட்டுவிடலாமே? சூலூர் விமானப்படைத் தளத்தில் உள்ள ஏ.என்.-32 விமானம் ஏறக்குறைய 6.7 டன்தான் சுமக்கும். சங்கிலியின் ஒவ்வொரு கிலோவும் அரிசியிலோ மருந்திலோ குறையும். எனவே உயர்மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் இழைகளில் இப்போது சங்கிலி செய்கிறார்கள். இரும்பின் அடர்த்தி 7.8, இதன் அடர்த்தி 0.97, தண்ணீரில் மிதக்கும். ஆனால் 145 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகிவிடும். வழவழப்பால் முடிச்சும் நழுவும்.

எடையைக் குறைக்க இன்னொரு வழி, கட்டைக் கொஞ்சம் நெகிழ விடுவது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். விமானம் மோதி நின்ற பின்னும் 100 கிலோ பெட்டி ஒன்று தரையைப் பொறுத்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் 5,000 ஜூல். கட்டு அதை 10 செ.மீ.க்குள் நிறுத்தினால் சராசரி விசை 50,000 நியூட்டன், 50 செ.மீ. விட்டுக்கொடுத்து நிறுத்தினால் 10,000 நியூட்டன்தான். வாரின் வலிமை ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். ஆனால் ரப்பர் போல இழுபட்டுத் திரும்பித் தெறிக்கக் கூடாது. ஆற்றலை விழுங்கிவிட வேண்டும். செல்பேசிக் கோபுரம் ஏறுபவரின் பாதுகாப்பு வாரில் மடித்துத் தைத்த ஒரு பொட்டலம் இருக்கும். அவர் விழுந்தால் தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து விசையைக் குறைக்கும். சரக்குக் கட்டுக்கும் அதே உத்திதான். வளைந்து கொடுக்கும் உலோகத் துண்டுகளும் உண்டு.

வகுப்பில் இப்படிச் செய்யலாம். அரை மீட்டர் தையல் நூலில் 200 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள், தாங்கும். அதே எடையைக் கொக்கியின் உயரத்திலிருந்து விடுங்கள், நூல் அறும். கோத்த மூன்று ரப்பர் வளையங்களை நூலோடு தொடராகச் சேர்த்தால் பெரும்பாலும் அறாது. நூலின் தரத்துக்கேற்ப எடையை மாற்றிக்கொள்ளுங்கள். கீழே மணல் தட்டு வையுங்கள்.

பிறகு நூலையும் ரப்பரையும் ஒரே நீளத்தில் பக்கம் பக்கமாகக் கட்டி இழுக்கச் சொல்லுங்கள். ரப்பர் விறைக்கும் முன்பே நூல் அறுந்துவிடும். ஒரே திசைப் பிடிப்புக்குச் சங்கிலியையும் நைலான் வாரையும் கலந்து கட்டக் கூடாது என்ற விதி இதனால்தான் வந்தது. நீளாத சங்கிலி முழுச் சுமையையும் ஏற்று முதலில் அறும்; பிறகு வார் தனியாக மாட்டிக்கொள்ளும். எங்கள் மாணவி ஒருத்தி இதைப் பார்த்ததும், ‘புதுக் கயிறும் பழைய கயிறும் சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும்?’ என்று கேட்டாள். அடுத்த வகுப்பில் இரண்டையும் கொண்டுவந்து இழுத்துப் பார்க்கப் போகிறோம்.