முன்னால் நிறுவனம், பின்னால் ஊர்

களமும் கணக்கும் – 9

தொழில்முறை விளையாட்டு அணி ஒன்றுக்குப் பணம் வரும் முக்கிய வழிகள் நான்கு: மைதான வாசலில் விற்கும் நுழைவுச்சீட்டு, ஒளிபரப்பு உரிமையில் கிடைக்கும் பங்கு, நிறுவனங்கள் தரும் விளம்பரப் பணம், ரசிகர்கள் வாங்கும் சட்டை, தொப்பி முதலிய பொருள்கள். முதலிரண்டும் சென்ற இதழில் விவரிக்கப்பட்டன. பின்னிரண்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை என்றும், விளம்பரதாரர், அதாவது ஸ்பான்சர், பெருகினால் ரசிகரும் பெருகுவர், ரசிகர் பெருகினால் சட்டையும் விற்கும் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அணியின் பெயரையே விளம்பரதாரருக்கு விற்றுவிடும்போது இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றைத் தின்றே வளர்கிறது என்பதை ஐரோப்பியச் சாலை மிதிவண்டிப் பந்தயத்தின் எழுபது ஆண்டுக் கணக்கும், அண்மையில் சேலத்தின் பெயரை ஏற்ற ஒரு கிரிக்கெட் அணியின் கணக்கும் காட்டுகின்றன.

மிதிவண்டிப் பந்தயத்தை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே முதல் இரு வழிகளும் ஏறக்குறைய அடைபட்டிருப்பதுதான். பந்தயம் பொதுச் சாலையில் நடப்பதால் வேடிக்கை பார்ப்பவரிடம் கட்டணம் வாங்க வழியில்லை; நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பந்தயம் நடக்கிறதென்றால், ஒவ்வொரு வளைவிலும் நூறு பேர் நின்றாலும் வாசல் வசூல் என்று ஒரு ரூபாய் தேறாது. ஒளிபரப்பு உரிமையோ பந்தயத்தை நடத்துபவருக்குச் சொந்தம், ‘டூர் த பிரான்ஸ்’ பந்தயத்தை நடத்தும் ஏ.எஸ்.ஓ. நிறுவனம் அத்தொகையை அணிகளுடன் பங்கிட்டுக்கொள்வதில்லை. அப்பந்தயத்தில் வெல்பவருக்கு 5,00,000 யூரோ பரிசு உண்டு என்றாலும், பரிசுப் பணத்தை உடன் ஓட்டிய வீரர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பகிர்ந்துவிடுவது அத்தொழிலின் மரபு. பல கோடி யூரோ செலவழிக்கும் முதல்தர அணிக்கு அது ஒரு பொருட்டன்று. எஞ்சுவது விளம்பரதாரரின் பணமும் ரசிகரின் பணமும் மட்டுமே.

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. ‘லோட்டோ’ என்ற விளையாட்டு நாளேடு தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ள 1903இல் ‘டூர் த பிரான்ஸ்’ பந்தயத்தைத் தொடங்கியபோதே அது ஒரு விளம்பர முயற்சிதான். அந்தக் காலத்தில் அணிகளை நடத்தியவை பெஜோ, அல்சியோன் போன்ற மிதிவண்டி ஆலைகள். தங்கள் வண்டி வென்றால் கடையில் அது விற்கும் என்பது அவற்றின் எளிய கணக்கு. அந்த ஆலைகள் பந்தயத்தின் போக்கையே தம் விருப்பத்துக்கு வளைப்பதைக் கண்டு சலித்த அமைப்பாளர் ஆன்ரி தெக்ராஞ்சு 1930இல் அவற்றை விலக்கி, நாட்டுப் பெயரில் அணிகளை அமைத்து, அவற்றின் செலவை ஈடுகட்டப் பந்தயத்துக்கு முன்னால் சாக்லேட்டும் இதர பொருள்களும் விற்போரின் விளம்பர ஊர்வலம் ஒன்றை ஓடவிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்கூட்டரும் சிறு காரும் பெருகி மிதிவண்டி விற்பனை சரிந்தது. ஆலைகளால் அணிகளைத் தாங்க முடியவில்லை. அப்போதுதான் 1954இல் இத்தாலிய வீரர் ஃபியோரென்சோ மாக்னி, மிதிவண்டியோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத நிவியா முகப்பூச்சு நிறுவனத்தின் பணத்தைத் தன் அணிக்குக் கொண்டுவந்தார். தொழிலுக்கு வெளியிலிருந்து வந்த இத்தகைய விளம்பரதாரரைப் பழைய ஆலைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள் என்றாலும், சில ஆண்டுகளிலேயே சமையலறை அலமாரி செய்பவர், காப்பி இயந்திரம் செய்பவர், குளிர்பெட்டி செய்பவர் எனப் பலரும் அணி நடத்தத் தொடங்கினர். 1962 முதல் ‘டூர் த பிரான்ஸ்’ பந்தயத்திலும் நிறுவன அணிகள் திரும்ப இடம்பெற்றன.

இந்த விளம்பரதாரர் வாங்கியது சட்டையின் மார்புப் பகுதியை மட்டும் அன்று. கால்பந்திலோ கிரிக்கெட்டிலோ அணிக்கென ஒரு பெயர் இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் அதன்மேல் ஒட்டப்படுகிறது. சாலை மிதிவண்டியில் நிறுவனத்தின் பெயரே அணியின் பெயர். மேலேறும் வீரரைப் பற்றி வர்ணனையாளர் பேசினாலும், மறுநாள் நாளேட்டில் முடிவுகள் அச்சானாலும் அந்தப் பெயரைச் சொல்லாமல் தப்ப முடியாது என்பதால், அதே செலவில் வேறெங்கும் கிடைக்காத அளவு விளம்பரம் அங்கே கிடைக்கிறது. இதற்கான விலையை அணி பின்னர் கொடுக்கிறது. ஸ்பெயினில் அலுமினியத் தாள் செய்யும் ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் பெயரில் 1980இல் தொடங்கிய ஓர் அணி, பனெஸ்தோ வங்கியின் பெயரில் மிகேல் இந்துராயின் என்ற வீரரைக் கொண்டு 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை ‘டூர் த பிரான்ஸ்’ வென்று, பிறகு பலேயாரிக் தீவுகளின் பெயரையும், ஒரு பிரெஞ்சு வங்கியின் பெயரையும் தாங்கி, 2011 முதல் மொவிஸ்டார் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரில் இயங்கிவருகிறது. நிர்வாகம் ஒன்றே என்றபோதும், இந்துராயின் ஓட்டிய அணிதான் இது என்று ஒரு சிறுவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

இவ்வாறு தொடர்ந்தவர்கள் நற்பேறு பெற்றவர்கள். தன் காலத்தில் மிக அதிக வெற்றிகளைக் குவித்த எச்.டி.சி.–ஹைரோடு அணி புதிய விளம்பரதாரர் கிடைக்காமல் 2011 இறுதியில் கலைக்கப்பட்டது. 1996 முதல் அணி நடத்திவந்த டச்சு வங்கியான ராபோபாங்க், மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்து வழக்கு அம்பலமானதும் 2012 அக்டோபரில் விலகிக்கொள்ள, அந்த அணி அடுத்த ஆண்டை ‘பிளாங்கோ’ என்ற வெற்றுப் பெயரோடு தொடங்கவேண்டியிருந்தது. விளம்பரதாரர் திடீரெனப் போய்விட்டால் வீரர்களின் சம்பளம் நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே, ஒவ்வோர் அணியும் வங்கி உத்தரவாதம் ஒன்றைக் கட்டவேண்டும் என்று உலக மிதிவண்டிச் சம்மேளனம் விதி செய்துள்ளது. அத்தகைய விதி தேவைப்படுவதே தொழிலின் நிலையைச் சொல்லிவிடுகிறது.

ரசிகர் வாங்கும் சட்டையின் கணக்கு இங்கேதான் பிசகுகிறது. அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்தின் பெயரைத் தாங்கப்போகும் அணியின் சட்டையைக் காசு கொடுத்து வாங்குபவர், உண்மையில் காசு கொடுத்து ஒரு வங்கியின் விளம்பரத்தை அணிகிறார். அவ்வாறு வாங்குவோரும் உண்டு. ஆனால் அவர்களால் ஓர் அணியைத் தாங்க முடியாது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கெனான்டேல்–டிராபேக் அணி, எதிர்பார்த்த விளம்பரதாரர் வராமல் 70 லட்சம் டாலர் பள்ளத்தில் விழுந்தபோது, ரசிகர்களிடமே கையேந்தியது. ரசிகர்கள் மனமுவந்து கொடுத்தது தேவையில் ஒரு சிறு பகுதியாகவே நின்றது. அணியைக் காப்பாற்றியது சில வாரங்களில் வந்து சேர்ந்த இ.எஃப். என்ற கல்வி நிறுவனத்தின் பணம். இதைவிட வேடிக்கையானது மொல்தேனியின் கதை. எடி மெர்க்ஸ் 1971, 1972, 1974 ஆகிய ஆண்டுகளில் ‘டூர் த பிரான்ஸ்’ வென்றது இறைச்சிப் பொருள் தயாரித்த இந்த இத்தாலிய நிறுவனத்தின் சட்டையில்தான். அணி 1976இல் முடிந்துபோயிற்று. அதன் பழுப்புச் செம்மஞ்சள் சட்டையின் நகல்கள் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் விற்கின்றன, ஆனால் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ள அணி என்று எதுவும் இல்லை. பெயர் இனி மாறாது என்ற உறுதி கிடைத்த பிறகே ரசிகர் சட்டையைத் துணிந்து வாங்குகிறார் போலும்.

இந்த ஒழுங்குக்கு ஒரு விலக்கு உண்டு. ஸ்பெயினின் வடக்கே தனி மொழியும் தன்னுணர்வும் கொண்ட பாஸ்க் பகுதியினர், பொதுமக்களின் சந்தாவையும் உள்ளூர் அமைப்புகளின் ஆதரவையும் கொண்டு 1994இல் ஓர் அணியைக் களமிறக்கினர். பாஸ்க் வீரர்கள், அல்லது அங்கே விளையாடி வளர்ந்தவர்கள் மட்டுமே அதில் இடம்பெற்றனர். அப்பகுதித் தொலைபேசி நிறுவனமான எவுஸ்கால்டெல் பின்னர் விளம்பரதாரராக வந்தபோதும், அது தந்த செம்மஞ்சள் நிறம் ஊரின் நிறமாகிவிட்டதால், பிரனீஸ் மலைச்சரிவுகளில் அச்சட்டை அணிந்த ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் நின்றனர். தரப்புள்ளிகள் குறைந்து முதல்தர உரிமம் பறிபோகும் நிலை வந்ததும் அந்த அணி 2013இல் தன் விதியைத் தளர்த்தி வெளிநாட்டு வீரர்களைச் சேர்த்தது. அந்த ஆண்டு முடிவிலேயே அது மூடப்பட்டது.

சேலம், நாமக்கல் சமவெளியில் மிதிவண்டிக்கெனத் தொழில்முறை அணி இல்லை. ஆனால் விளையாட்டைத் தாங்கும் விளம்பரதாரர் இங்கே புதியவர் அல்லர். ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் வட்டாரங்களில் திருவிழாவை ஒட்டி நடக்கும் கபடிப் போட்டிகளின் சுவரொட்டியில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை என ஒவ்வொன்றுக்கும் எதிரே உபயதாரரின் பெயர் இருக்கும்: ரிக் லாரி வைத்து ஆழ்துளைக் கிணறு தோண்டுபவர், கோழிப்பண்ணை நடத்துபவர், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்காரர். வீரர்களின் பனியனில் அவர்களுடைய பெயர் முதுகில் இருந்தாலும், அணியின் பெயராக இருப்பது ஊர்தான். உபயதாரர் அடுத்த ஆண்டு மாறினாலும் ஊர் மாறுவதில்லை என்ற அளவில், ஐரோப்பிய மிதிவண்டி அணிகளுக்கு வாய்க்காத ஓர் அடித்தளம் இந்தச் சிற்றூர் அணிகளுக்கு வாய்த்திருக்கிறது.

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் இந்த வரிசை தலைகீழாகிறது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016இல் தொடங்கிய இப்போட்டியின் முதல் கோப்பையை வென்றது, உரிமையாளரின் பெயரை முன்னால் வைத்து ‘ஆல்பர்ட் டூட்டி பேட்ரியாட்ஸ்’ என்று அழைக்கப்பட்ட தூத்துக்குடி அணி. அந்த அணியின் இடமே பிறகு ‘சேலம் ஸ்பார்ட்டன்ஸ்’ ஆயிற்று. தூத்துக்குடி வென்ற கோப்பை சேலத்தின் வரலாற்றில் சேருமா என்ற கேள்விக்கு இரண்டு ஊராரும் விடை தேடியதாகத் தெரியவில்லை. அடுத்து அப்பெயருக்கு முன்னால் எஸ்.கே.எம். என்ற மூன்று எழுத்துகள் வந்தன; முட்டைப்பொடி, தீவனம், எண்ணெய் ஆகியவற்றின் வழியாக இந்த வட்டாரத்துக்கு அவை ஏற்கெனவே பழக்கமானவை. திருச்சி அணியோ ரூபி, பால்சி என முன்னொட்டுகளை மாற்றி, இறுதியில் கிராண்ட் சோழாஸ் ஆனது. முல்லைத்தீவில் பிறந்த சுபாஸ்கரன் அல்லிராஜா நிறுவிய லைக்கா தொலைபேசி நிறுவனம் கோவை அணிக்கும், இலங்கையில் யாழ்ப்பாண அணிக்கும் முன்னால் தன் பெயரை வைத்தது. மிதிவண்டியில் மொவிஸ்டாருக்கும் எவுஸ்கால்டெலுக்கும் இருந்த நோக்கமே லைக்காவுக்கும் இருந்தது, வாடிக்கையாளரின் காதில் பெயர் விழவேண்டும் என்பது.

பாஸ்க் அணியோடு ஒப்பிட்டால் சேலம் அணியின் குறை உடனே தெரிகிறது. இந்தச் சமவெளி உலகுக்குத் தந்த வேகப்பந்து வீச்சாளர், சின்னப்பம்பட்டி நடராஜன், 2023இல் முதல்முறையாக வீரர்கள் ஏலம் விடப்பட்டபோது திருச்சி அணிக்குப் போனார். அணி ஒவ்வொன்றும் 70 லட்சம் ரூபாய்க்குள் வீரர்களை எடுக்கவேண்டும் என்ற வரம்பு வைத்து நடந்த அந்த ஏலத்தில் ஊர்ப்பற்றுக்கு இடமில்லை. அது ஏலத்தின் குற்றமும் அன்று. ஆனால் ஊரின் பெயர் கடன் வாங்கியது, வீரர் வெளியூர்க்காரர், முன்னொட்டு ஆண்டுக்கொரு முறை மாறக்கூடியது என்றால் ரசிகர் எதைப் பார்த்துச் சட்டை வாங்குவார்? துணிக்குப் பஞ்சமில்லை, பனியன் நகரமான திருப்பூர் அருகிலேயே இருக்கிறது. இருந்தும் சேலத்துத் தெருவில் கண்ணில் படும் மஞ்சள் சட்டை சென்னை சூப்பர் கிங்ஸுடையது. அந்த அணியின் மார்பில் ஏர்செல், கல்ஃப், முத்தூட், டி.வி.எஸ். யூரோகிரிப், எத்திஹாட் எனப் பெயர்கள் வந்து போயிருக்கின்றன. 2008 முதல் அணியின் பெயரும் நிறமும் அப்படியே இருப்பதால், பத்தாண்டுக்கு முன் வாங்கிய சட்டையும் செல்லாக்காசு ஆகவில்லை. விளம்பரதாரரை மார்போடு நிறுத்திக்கொண்ட அணியே ரசிகரிடம் விற்க முடிகிறது.

மார்பில் மட்டும் நிறுத்தினாலும் ஆபத்து முழுதும் நீங்குவதில்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடை செய்ததும், அத்தகைய விளையாட்டை நடத்திய டிரீம்11 நிறுவனம் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து விலக நேர்ந்து, அடுத்த மாதமே அப்பல்லோ டயர்ஸ் அந்த இடத்துக்கு வந்தது. இந்திய அணிக்குச் சில வாரங்களில் ஆள் கிடைத்துவிடும். வட்டார அணிக்குக் கிடைக்குமா என்பது ஐயமே.

வட்டார விளையாட்டுக்கு நிறுவனப் பணம் விளம்பரம் அல்லாத வழியிலும் வரலாம் என்பதால், கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு இங்கே கவனிக்கத்தக்கது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்று கூறும் அச்சட்டம், ஊரக விளையாட்டுப் பயிற்சியை அப்பணிகளில் ஒன்றாக ஏற்கிறது. ஆனால் தன் சரக்குக்கு விளம்பரம் தேடித்தரும் ஸ்பான்சர் செலவை அக்கணக்கில் காட்டமுடியாது என்று 2021இல் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. எனவே நிறுவனம் ஒன்று அணியின் பெயருக்கு முன்னால் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் பணம் ஒரு பேரேட்டிலும், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் பணம் வேறொரு பேரேட்டிலும் எழுதப்படுகின்றன. வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் அறக்கட்டளை அமைத்து, 2020 பிப்ரவரியில் ராகுல் திராவிட் முன்னிலையில் திறக்கப்பட்ட மைதானத்தில் 2022 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. முன்னொட்டுகள் எத்தனை மாறினாலும் இந்த மைதானம் வேறு ஊருக்கு மாறப்போவதில்லை. சேலத்து நிறுவனங்களின் இரண்டாவது பேரேட்டுப் பணம் இதுபோன்ற மைதானங்களில் விளையாடிப் பழகும் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தால்தான், ஊர்ப்பெயர் பொறித்த சட்டையைக் காசு கொடுத்து வாங்க ஊராருக்குக் காரணம் பிறக்கும்.