காலுக்கு ஒரு வேகம், கண்ணுக்கு ஒரு வேகம்

பத்து கிலோமீட்டர் தார்ச்சாலையை 30 நிமிடத்தில் ஓடி முடிக்கும் ஒருவர் கையில் வரைபடத்தையும் காம்பஸையும் கொடுத்து, ஸ்டாக்ஹோமுக்கு வெளியே ஒரு காட்டில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? சாலையில் கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் எடுத்தவர் இங்கே ஐந்து, ஆறு நிமிடம் எடுத்துக்கொள்வார். அதுவும் அவர் கைதேர்ந்த ஓரியன்டியரிங் வீரராக இருந்தால். பழக்கமில்லாதவர் என்றால் தேடிக் கூட்டிவர ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். கூடுதலாகச் செலவாகும் அந்த நிமிடங்கள் எங்கே போகின்றன? சுவீடனிலும் நார்வேயிலும் பின்லாந்திலும் இந்த விளையாட்டுக்காரர்களின் வசந்தகாலப் பயிற்சி வாரம் ஏறக்குறைய முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைகிறது.

விதி எளிது. காட்டில் ஆங்காங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாக முப்பட்டைத் துணிக்கூடு ஒன்று தொங்கும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். வரைபடத்தில் அந்த இடங்கள் ஊதா நிற வட்டத்துக்குள் இருக்கும். எண் வரிசைப்படி எல்லாவற்றுக்கும் போய், விரலில் மாட்டியிருக்கும் மின்னணுச் சில்லால் பதிந்துவிட்டு, குறைந்த நேரத்தில் வந்து சேர்பவர் வெற்றியாளர். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் பாடு. ராணுவப் பயிற்சியாகத் தொடங்கிய இது பொதுமக்களிடம் பரவக் காரணமானவர் சுவீடன் மேஜர் எர்ன்ஸ்ட் கிலாண்டர். ஸ்டாக்ஹோமை அடுத்த நாக்காவில் 1919 மார்ச் 25 அன்று அவர் நடத்திய போட்டியில் 200க்கும் மேற்பட்டோர் ஓடினார்கள்.

மார்ச் கடைசியில் அவர் போட்டி வைத்ததற்கு என்ன காரணமோ, பருவம் பொருத்தமானது. அப்போது பனி உருகியிருக்கும். வடக்குச் சரிவுகளில் மட்டும் அழுக்கேறித் திட்டுத்திட்டாக மிச்சம் கிடக்கும். பிர்ச் மரங்கள் இன்னும் இலை விட்டிருக்காது. போன வருடத்துப் புல் பனியின் கனத்தில் தரையோடு படிந்திருக்கும். அதனால் நிலத்தின் மேடுபள்ளம் வேறெந்தப் பருவத்தையும்விடத் துலக்கமாகத் தெரியும். ஜூலையில் இதே காட்டில் பெரணி இடுப்பளவு வளர்ந்து கல்லையும் குழியையும் மூடிவிடும். பகலும் நீள்கிறது: மார்ச் 20 வாக்கில் பன்னிரண்டு மணி நேரமாக இருப்பது, ஏப்ரல் கடைசியில் ஸ்டாக்ஹோமில் பதினைந்தைத் தாண்டிவிடும். தொல்லையும் உண்டு. சதுப்பில் முழங்கால்வரை பனித்தண்ணீர். வெப்பம் ஐந்து டிகிரியைத் தாண்டினால் உண்ணிகள் விழித்துக்கொள்ளும். மூளைக்காய்ச்சல் பரப்பக்கூடியவை என்பதால் அந்தப் பக்கத்து ஓட்டக்காரர்கள் பலர் தடுப்பூசி போட்டிருப்பார்கள்.

முதலில் கால்கள். சாலையில் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் குதிகால் தசைநாண் இழுபட்டுச் சக்தியைச் சேமித்து, அடுத்த அடிக்கு அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறது. பாசியும் சேறும் அந்தச் சக்தியை விழுங்கிவிடும். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்ட முழங்காலைத் தூக்க வேண்டும். அது தனிச் செலவு. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். வலி அன்றைக்கு வராது, மறுநாளோ அதற்கு மறுநாளோதான் உச்சத்துக்குப் போகும். குளிர்காலம் முழுக்கச் சாலையில் ஓடிப் பழகியவர்கள் ஏப்ரலின் முதல் காட்டு ஓட்டத்துக்குப் பிறகு மாடிப்படி இறங்க முனகுவது இதனால்தான். ஆனால் ஒருமுறை அப்படிச் சேதப்பட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை வெகு குறைந்த வலியோடு தாங்கிக்கொள்ளும். வாரத்தின் முதல் காட்டு ஓட்டம் குறுகியதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

எல்லா நாளும் முக்கி முனகி ஓடுவதில்லை. நார்வேயில் பணியாற்றும் உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், தாங்குதிறன் விளையாட்டுகளில் முன்னணியில் இருப்பவர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து ஒரு பாங்கைக் காட்டினார்: ஏறத்தாழ 80 சதவீதம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம், 20 சதவீதம் கடும் வேகம். ஓரியன்டியரிங் வாரமும் பெரிதும் அப்படித்தான். திங்கள் மெதுவோட்டம், செவ்வாய் ஆறு ஆறு நிமிடமாக ஐந்து தடவை மூச்சிரைக்கும் ஓட்டம் என்று போகும். இந்தப் பகுதி எந்த மாரத்தான் ஓட்டக்காரருக்கும் தெரிந்த கதை என்பதால் இதில் நிற்க வேண்டியதில்லை.

சுவையான இடம் வியாழக்கிழமை வரும். அன்றைக்குப் பயிற்சியாளர் கொடுக்கும் வரைபடத்தில் பாதை இல்லை, பாறை இல்லை, ஓடை இல்லை, காட்டின் அடர்த்தியைச் சொல்லும் பச்சையும் இல்லை. பழுப்பு நிறச் சமஉயரக்கோடுகள் மட்டும். கோட்டுக்குக் கோடு ஐந்து மீட்டர் உயரம். அளவு 1:10,000 என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் பத்து மீட்டர். ஓடுகிறவர் தாளை மடித்து, தான் நிற்கும் இடத்தில் இடது கட்டைவிரலின் நகநுனியை வைத்துக்கொள்கிறார். நகர நகர விரலும் தாளில் நகர வேண்டும். விரலை ஒருமுறை எடுத்தால், நெளிந்து கிடக்கும் அந்தப் பழுப்புக் கோடுகளுக்குள் மறுபடி தன்னைத் தேடிப் பிடிக்க ஐந்தாறு விநாடி போய்விடும். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி பஞ்சாங்கம் பார்ப்பது மாதிரியான வேலை.

இங்கே புதியவர் செய்யும் தவறு, எல்லாவற்றையும் படிக்கப் பார்ப்பது. தேர்ந்தவர் தாளில் இருப்பதில் பெரும்பகுதியைத் தூக்கி எறிகிறார். “ஒரு மேடு, அதன் வலது தோளில் இறக்கம், நீளமான சதுப்பு, அதைத் தாண்டியதும் மூக்குபோல நீட்டிய சரிவு”: அறுநூறு மீட்டர் ஓட்டத்துக்கு இந்த நான்கு செய்தி போதும். ஒரு வேலையைச் செய்துகொண்டே மனம் ஏந்திக்கொள்ளக்கூடிய செய்திகள் மிகச் சில. உழைப்பு உச்சத்துக்குப் போகப் போக அந்தக் கொள்ளளவும் சுருங்குகிறது. வேகமாக ஓட வேண்டுமானால் குறைவாகப் படிக்க வேண்டும். குறைவாகப் படிக்க, சரியானதைத் தேர்ந்து படிக்க வேண்டும்.

எங்கே இருக்கிறோம் என்று அறிவதற்கென்றே மூளைக்குள் அமைந்த செல்கள் உண்டு. குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை 1971இல் எலியின் ஹிப்போகாம்பஸில் கண்டறிந்தவர் ஜான் ஓ’கீஃப். நிலப்பரப்பையே அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து அளக்கும் செல்களை நார்வேயின் ட்ராண்ட்ஹெய்மில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் கண்டறிந்து 2005இல் வெளியிட்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளை வரைந்துகொள்ளும் இந்தப் படத்தில் ஒரு வம்பு உண்டு: அது தப்பாக இருந்தாலும் நம்பிக்கையாகத்தான் இருக்கும். ஒரே மாதிரி இரண்டு மேடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், தவறான மேட்டில் நின்றுகொண்டு வரைபடத்தில் உள்ள எல்லாம் இங்கேயும் இருக்கிறது என்று சாதிப்போம். பொருந்தாத பாறையைக் கண்டால், வரைந்தவர் விட்டிருப்பார் என்று அவர்மேல் பழி போடுவோம். வரைந்தவர்கள் அப்படி விடுவது அபூர்வம்.

அந்த நம்பிக்கையை உடைக்கும் கருவி காம்பஸ். ஜெர்மனியின் டூபிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சூமன் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு அது ஏன் தேவை என்பதை அழகாகக் காட்டுகிறது. பீன்வால்ட் என்ற சமதளக் காட்டில் ஆட்களை விட்டு, நேராக நடந்துகொண்டே இருங்கள் என்றார்கள். வெயில் தெரிந்தவர்கள் ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள் வட்டமிட்டார்கள்; அவர்களில் பெரும்பாலோர் தங்கள் சுவட்டையே குறுக்கே கடந்தார்கள். கடந்தது அவர்களுக்கே தெரியவில்லை. ஓரியன்டியரிங் வரைபடங்களில் மேல்நோக்கிய கோடுகள் காந்த வடக்கைக் காட்டும்படியே வரையப்படுகின்றன. கணக்குப் போடாமல் ஊசியோடு தாளைத் திருப்பினால் போதும். இதை ஆழப் பதிக்கத்தான் இரவுப் பயிற்சி. தலைவிளக்கின் வெளிச்சத்துக்கு அப்பால் உலகமே இல்லாதபோது ஊசியை நம்பியே ஆக வேண்டும். சுவீடனின் பெரிய தொடரோட்டமான டியூமிலா ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வரும். 1945இலிருந்து நடக்கும் அதில், ஆண்கள் பிரிவில் பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராக இரவு முழுக்கக் காட்டில் ஓடுவார்கள். ஏப்ரல் இரவுகளில் கிளப்புகள் காட்டுக்குள் போவது அதற்காகத்தான்.

வாரத்தில் ஒருநாள் ஓய்வு. அதோடு ஒரு கண்டிப்பும் உண்டு: காய்ச்சலோ தொண்டைத் தொற்றோ இருந்தால் ஓட்டம் கூடாது. இதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1979க்கும் 1992க்கும் இடையில் சுவீடனின் இளம் ஓரியன்டியரிங் வீரர்கள் 16 பேர் திடீரென்று இறந்தார்கள். பலரின் இதயத் தசையில் அழற்சி காணப்பட்டது. கிருமித் தொற்றைச் சந்தேகித்தார்கள். எது என்று ஐயமறத் தெரியவில்லை. 1992-93 குளிர்காலத்தில் முன்னணி வீரர்களின் போட்டிகளை ஆறு மாதம் நிறுத்தி, பயிற்சி முறையைத் திருத்தினார்கள். அதன்பின் அந்தத் தொடர் மரணம் நின்றது. வசந்தத்தில் சளி பிடித்த இளைஞரைப் பயிற்சியாளர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் யாரும் வாதாடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. வரைபடம் காட்டும் கருவிக்கு அங்கே அனுமதியில்லை. கடிகாரம் தடத்தைப் பதிந்துகொள்ளலாம், வழி கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. ஓடி முடித்து ஈரச் சாக்ஸைக் கழற்றியதும் முதல் வேலை, ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் எடுத்த நேரத்தை மற்றவர்களோடு ஒப்பிடுவது. கன்ட்ரோல்களுக்கு இடையிலான நீண்ட ஓட்டங்களில் விட்டது நாலைந்து விநாடிதான் இருக்கும். பெரிய இழப்பு பெரும்பாலும் கன்ட்ரோலுக்கு முந்தைய கடைசி நூறு மீட்டரில் கிடைக்கும்: ஏழாவது கன்ட்ரோலுக்கு இரண்டு நிமிடம் அதிகம், சதுப்பின் முனையில் நிற்காமல் பாய்ந்ததால். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த ஓட்டக்காரர் ஐந்து ஓட்டங்களில் ஒன்றைக் கழித்துவிட்டு, அந்த நேரத்துக்கு இதைப் போட்டுக்கொள்வார்: சதுப்பின் முனைவரை முழு வேகம், அங்கிருந்து பாதி வேகம், கண் தாளில்.